எல்லைப் பானை

எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. பாரு, ரெண்டு கையையும் நீட்டிக் காட்டறேன். கண்ணு செவந்திருக்கும், நாலு நாளாத் தூக்கம் இல்ல. இந்தப் பங்குனி வெயில்ல அஞ்சு நாழிகை நடந்து வந்திருக்கேன். நோவுக்காரனால அது ஆகுமா, நீயே சொல்லு.

சரி, சரி, ஓடத்தைக் கரையில போட வேணாம். அங்கயே கழியை ஊன்றி நிறுத்திக்க. நான் சத்தமாப் பேசறேன், நீ கேளு. கேட்டுட்டு ஏத்தலாமா வேணாமான்னு நீ சொல்லு.

எனக்கு அக்கரை போகணும். பெருங்கரையில சூளை வச்சிருக்கானே மாறன், அவன் பொண்டாட்டி பூவி என் சின்ன மக. எம்பேரு ஐயாறன். வேம்பனூர்ல பானை வனையறவன், எங்க ஊர்ப் பிடாரி கோயில் பூசையும் எங்க குடும்பந்தான். பூவிக்கு இது ஏழாம் மாசம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவ பெருங்கரையை விட்டுக் கிளம்பிடணும். அதை அவகிட்ட சொல்லணும், அவ்வளவுதான் என் வேலை. உள்ள போயி உக்காரப் போறதில்ல. ஒரு வாய் தண்ணி குடிப்பேன், அவ தலையைத் தொட்டு ரெண்டு வார்த்தை சொல்லுவேன், திரும்பிடுவேன்.

ஊரார் கட்டளையா? இந்தக் கரையிலேருந்து ஒரு ஈ காக்காயை ஏத்தக் கூடாதுன்னா? சொல்லுவாங்க, சொல்லாம என்ன. எங்க ஊர்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ஆளைத் தடுத்தாச் சரியாப் போயிடும்னு நெனைக்கிறாங்க. வர்றது ஆள் இல்ல தம்பி, பானை. நாளைக்கு எங்க பக்கத்து ஊரு மணற்குடிக்காரங்க இந்தத் துறைக்கு அதைக் கொண்டாரப் போறாங்க. வாழைத்தண்டுத் தெப்பத்துல வச்சு அக்கரைப் பக்கமாத் தள்ளி விடுவாங்க. அது கரை தட்டுச்சுன்னா பெருங்கரைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். நீயும் ஒன் பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. நான் சொல்றது ஒனக்கும் நல்லதுக்குத்தான்.

எந்தப் பானைன்னா கேக்கிற? நான் செஞ்ச பானைதான். அதான் வெக்கக்கேடு.

போன மாசியில, அறுப்பு முடிஞ்ச கையோட, ராஜா படை தெக்கேருந்து திரும்பி வந்துச்சு. எங்க ஏரிக்கரையில எட்டு நாள் தங்குனாங்க. யானை, குதிரை, மாடு, அவங்க கூட வந்த சமையக்காரங்க, எல்லாத்துக்கும் அந்த ஒரு ஏரித் தண்ணிதான். போறப்ப நெல்லைத்தான் வாரிக்கிட்டுப் போனாங்கன்னு நாங்க அழுதோம். எதை விட்டுட்டுப் போனாங்கன்னு பெறகுதான் தெரிஞ்சுது. கரையோரமா அரை அடி மண்ணுக்கு அடியில மூணு பொணம். நாய் தோண்டித்தான் பாத்தோம்.

அதுக்குப் பேர் சொல்ல மாட்டேன். ஒனக்கே தெரியும். வயித்தால போகும், வாயால வரும். காலையில ஏர் கட்டிக்கிட்டுப் போனவன் மத்தியானம் கன்னம் ஒட்டிக் கெடப்பான். தண்ணி தண்ணின்னு கேப்பான். குடுத்தாலும் நிக்காது, குடுக்காட்டியும் நிக்காது. மொதல்ல வண்ணார் வீடு. பெறகு எண்ணெய்க்காரர் வீடு. பத்து நாள்ல எங்க தெருவுல கதவு தெறக்காத வீடு ஏழு.

சும்மா இருந்தோம்னு நெனைக்காதே. வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டினோம். மஞ்சத்தண்ணி தெளிச்சோம். பிடாரிக்கு மூணு கெடா வெட்டினேன், இந்தக் கையாலதான். வைத்தியர் சுக்கும் மிளகும் போட்டுக் கஷாயம் வச்சுக் குடுத்தாரு. அஞ்சாம் நாள் காலையில அவர் வீட்டுக்குப் போனா அடுப்பு ஆறிக் கெடக்கு, வண்டியைக் காணோம். குடும்பத்தோட போயிட்டாரு. போறதுதான் போனாரு, எந்தப் பக்கம் போனா பொழைக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?

பொணம் தூக்க ஆளில்லாம போச்சு. செத்தவன் உள்ள கெடப்பான், இருக்கிறவன் வாசல்ல உக்காந்திருப்பான், தெருவுல ஒருத்தன் வர மாட்டான். எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. சாவுக்குப் பயப்படலை தம்பி. நம்மளைத் தூக்க யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே சாகணுமேன்னு பயம்.

அப்பத்தான் ஊர்க்கிழார் ஆலமரத்தடியில எல்லாரையும் கூட்டி, பானை எடுக்கணும்னாரு.

ஒங்க பக்கத்துல அந்த வழக்கம் உண்டா? எங்க பக்கத்துல எங்க பாட்டன் காலத்துல ஒரு தடவை எடுத்தது. புதுப்பானை ஒண்ணு வனையணும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு வெளக்குமாத்துக் குச்சி, நோவுல கெடக்கிறவங்க துணியிலேருந்து ஒரு கிழிசல், எல்லாம் அதுல போடணும். பிடாரியை வேண்டி, கொண்டு வந்த கொள்ளைநோவை எல்லாம் எடுத்துக்கிட்டு இதுல ஏறிக்க தாயேன்னு கூப்பிடணும். அவ ஏறுவா. ஏறினதும் பூசாரி தலையில வச்சுக்கிட்டு நடக்கணும். வாயைத் தெறக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. அடுத்த ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி முப்பது அடி உள்ள போயி எறக்கி வச்சுட்டு வந்துடணும். நம்ம ஊர் பொழச்சுது. அடுத்த ஊர்க்காரன் பாத்துட்டு அவன் எல்லையில கொண்டு வைப்பான். அவனுக்கு அடுத்தவன் அவன் எல்லையில. இப்படியே போயிக் கடல்ல சேந்துடும்னு சொல்லுவாங்க. சேந்ததை யாரும் பாத்ததில்ல.

எந்த எல்லைன்னு பேச்சு வந்துச்சு. கெழக்கே கோட்டைக் காவல் இருக்கு, வேலோட நிப்பாங்க. வடக்கே வேதம் படிச்சவங்க ஊரு, அங்க வைக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரலை. மேக்கே வெறும் முள்ளுக்காடு. அங்க வச்சிடலாமேன்னு நான் கேட்டேன். ஆளில்லாத எடத்துல பிடாரி தங்க மாட்டா, திரும்பி வந்துடுவான்னாரு ஊர்க்கிழார். நேத்து அவர் வீட்டுக்கு வந்து அவ சொல்லிட்டுப் போன மாதிரி. மிச்சம் தெக்கே மணற்குடி. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

ஏன்னா என் மூத்தவ சேந்தியை மணற்குடியிலதான் குடுத்திருக்குன்னு ஊருக்கே தெரியும்.

மாட்டேன்னு சொல்லலாம்னுதான் வாயைத் தெறந்தேன். ஆனா அன்னிக்குக் காலையிலதான் என் பொண்டாட்டி நீலிக்கு ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு, ஒண்ணுமில்ல, நீங்க போயிட்டு வாங்கன்னு என்னை அனுப்பி வச்சிருந்தா. பானை எடுத்தா நீலி பொழைப்பா. எடுத்துக் கொண்டு போயி வைக்கிற எடத்துல சேந்தி இருக்கா. ஒனக்குப் புள்ளை இருக்கா தம்பி? இருக்குன்னா இந்த எடத்துல நீ என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சுப் பாரு. நான் சரின்னேன்.

என்னைத் தொடுமோன்னு பயம் இருந்துச்சான்னு கேக்கிறியா? இல்ல. அதை ஒங்கிட்ட தெளிவாச் சொல்லிடறேன், அப்பத்தான் ஒனக்கு நம்பிக்கை வரும். நீலிக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தி எனக்கும் வயிறு கலங்கத்தான் செஞ்சுது. நாலு தடவை வெளிய போனேன். உப்புப் போட்டு மோர் குடிச்சேன், நின்னு போச்சு. என் கண்ணு முன்னாடி எத்தனையோ பேரு போயிட்டாங்க, எனக்கு அதோட சரி. பிடாரி தன் பூசாரியைத் தொட மாட்டா. அவளைத் தூக்க ஆள் வேணும் இல்ல? அதுனால என்னை ஏத்திக்கிறதுல ஒனக்கு ஒரு ஆபத்தும் கெடையாது.

அன்னிக்கே பானையை வனைஞ்சு, அனல்ல காய வச்சு, மறுநாள் விடியறப்பவே சூளையில வச்சு மூடினேன். வேக ஒரு பகல் ஆகும். அதுக்குள்ள மணற்குடி போயிட்டு வந்துடலாம்னு கெளம்பினேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. பானை வரப்போகுதுன்னு மணற்குடியில தெரிஞ்சா, எல்லையில கம்போட நின்னுடுவாங்க. பெறகு நீலி கதி? அதுனால சேந்தியை மட்டும் கெளப்பி விட்டுடணும், வேற காதுல விழக்கூடாது. இதுதான் என் கணக்கு. தப்புன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். ஆனா தகப்பன் வேற எப்படி நெனைப்பான்?

சேந்தி வாசல்லயே என்னைப் பாத்துட்டா. அப்பா, என்ன இப்படி எளைச்சுப் போயிட்டேன்னு கையைப் புடிச்சு உள்ள இழுத்தா. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலைன்னு மொகத்தைப் பாத்தே கண்டுபுடிச்சுட்டா. பானையிலேருந்து பழஞ்சோத்தை எடுக்கப் போனா. நீ உக்காரும்மான்னு நானே கையை விட்டு அள்ளிப் பெசஞ்சேன். பேரன் குட்டன் வந்து மடியில ஏறிக்கிட்டான். ஒண்ணரை வயசு. தாத்தா கையால வேணும்னு வாயைத் தெறக்கிறான். என் விரலாலதான் ஊட்டினேன். மூணு வாரமாப் பொணத்தையே பாத்த கண்ணுக்கு, அந்தப் புள்ளை வாயைத் தெறந்து தெறந்து வாங்கித் தின்னுச்சு பாரு, அது போதும்னு இருந்துச்சு.

அம்மா எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருக்கான்னேன். பெறகு விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு உச்சிக்குப் பானை வருது, இன்னிக்கே புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடுன்னேன். அவ குட்டனைத் தன் மடிக்கு வாங்கிக்கிட்டா. பெறகு, எள்ளு வெதச்சிருக்கு, அவரு வர மாட்டாரு, நான் மட்டும் எப்படிப் போறதுன்னா. மாமியாருக்கு என்ன சொல்றதுன்னா. நான் வைய ஆரம்பிச்சேன். அப்பத்தான் கேட்டா, பக்கத்து வீட்டுல பொறந்து ஒம்பது நாள் ஆன புள்ளை இருக்கு, அவங்ககிட்டயாவது சொல்லட்டுமான்னு.

கூடாதுன்னேன். அவ கையை எடுத்து என் தலை மேல வச்சு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். எரநூறு பேர் உள்ள ஊரு அது. எனக்கு அன்னிக்கு அந்த ஒரு வீடுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

ராத்திரிக்குள்ள போயிடறேன்னு சொன்னா. நான் நம்பிட்டேன். நம்பறது சுலபமா இருந்துச்சு.

மறுநாள் உச்சியில பானை எடுத்தோம். கிழிசலைப் போட்டப்ப ஒவ்வொருத்தரும் என் காலைத் தொட்டாங்க. வாழ்நாள்ல என் காலை யாரும் தொட்டதில்ல. நீலியோட கிழிசலை நானே கிழிச்சுப் போட்டேன். தலையில ஏத்தினதும் கனம் தெரிஞ்சுது. கைப்பிடி அரிசியும் கந்தலும் அவ்வளவு கனக்காது தம்பி, நான் பானை தூக்கியே வளந்தவன். அவதான் ஏறியிருந்தா. கழுத்து எலும்பு அமுங்கற மாதிரி இருந்துச்சு. பறை எல்லை வரைக்கும் கூட வந்துச்சு, பெறகு நின்னுடுச்சு. கல்லைத் தாண்டினேன்.

இங்கதான் நான் தப்புப் பண்ணேன். இதை ஒங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன். முப்பது அடி போகணும். நான் மூணே அடியில எறக்கிட்டேன். சேந்தி ஒருவேளை கெளம்பியிருக்க மாட்டாளோன்னு ஒரு நெனப்பு. அவ வீட்டுலேருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கலாம்னு. அதுல பிடாரி ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னு நின்னுட்டா. ரெண்டு பக்கமும் எடுத்துக்கிட்டா. நான் வீடு திரும்பறப்ப நீலிக்குப் பேச்சு நின்னு போயிருந்துச்சு. பொழுது சாயறப்ப போயிட்டா. ஒண்டியாத்தான் தூக்கினேன். அவ அவ்வளவு லேசா இருப்பான்னு எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் மணற்குடி ஆளு ஒருத்தன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டான். ஐயாறரே, ஒங்க பேரன் போயிட்டான், நேத்து விடியக்காலையிலயே ஆரம்பிச்சுடுச்சு, இப்ப ஒங்க மகளும் படுத்துட்டான்னு.

விடியக்காலையா? ஆமா, அப்படித்தான் சொன்னான். பானை எல்லை தாண்டினது உச்சியில, அது எனக்கும் தோணத்தான் செஞ்சுது. பிடாரி முன்கூட்டியே ஓடியிருப்பா. அவளுக்கு வழி தெரியாதா என்ன. நீ குறுக்கே குறுக்கே கேக்காதே, பொழுது போகுது.

நான் ஓடினேன். அவ புருஷனும் மாமியாரும் திண்டாடிக்கிட்டு நிக்கிறாங்க, கிட்ட வர பயப்படறாங்க. பயப்படட்டும், நான்தான் பாத்தேன். கஞ்சித்தண்ணி ஊத்தினேன், தொடச்சு விட்டேன், துணி மாத்தினேன். கெணத்தடிக்குப் போயி அலசிப் போட்டேன். தண்ணி எறைச்சு எறைச்சு வந்து குடுத்தேன். ஒரு ராத்திரி, ஒரு பகல். கடைசியில என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா. கொரலே இல்ல, காதை வாய்க்கிட்ட கொண்டு போனேன்.

அப்பா, நான் யாருகிட்டயும் சொல்லலைன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நான் வாங்கின சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்னு எனக்குச் சொல்லிட்டுப் போனா. கொஞ்சம் இரு தம்பி.

இல்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காந்தேன், அவ்வளவுதான். நோவு இல்ல. நீ ஓடத்தைத் தள்ளாதே.

மிச்சத்தைச் சொல்லிடறேன். அந்தக் கெணத்துத் தெரு முழுக்க விழுந்துச்சு. அந்த ஒம்பது நாள் புள்ளையும். எல்லைக்கல்லுக்குப் பக்கத்துல ஆறேழு குடிசை இருக்கு, பானையை நான் வச்ச எடத்துக்கு நேரா. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அது எப்படின்னு மணற்குடிக்காரங்களுக்கே புரியலை. பானையைப் பாத்துட்டாங்க, கூட்டம் போட்டாங்க, மூணு நாள் கழிச்சு, அதாவது நாளைக்கு, ஆத்துல விடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதைக் கேட்டதும் எனக்குப் பூவி ஞாபகம் வந்துச்சு. எனக்கு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான். ரெண்டு பொண்ணுங்களுக்குச் சோறு போட்ட கை, இன்னிக்கு ஒருத்தியையாவது காப்பாத்த வேணாமா?

நேரா இங்க வந்திருக்கணும். வழியில புளியங்காட்டுல நீலியோட தம்பி கொற்றன் இருக்கான். அக்கா போயிட்டான்னு தம்பிக்குச் சொல்லாம போறது மொறை இல்லையே. போயிச் சொன்னேன். கட்டிப்புடிச்சு அழுதான். எலை போட்டான், அவன் பொண்டாட்டி தண்ணி மொண்டு குடுத்தா. ஒரு ராத்திரி தங்கினேன், மறுநாளும் அழுதுக்கிட்டே கெடந்தோம். இன்னிக்குக் காலையில அங்கேருந்து கெளம்பறப்ப கொற்றனுக்கு ஆரம்பிச்சுடுச்சு. அவன் பொண்டாட்டி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. எனக்கு நிக்க நேரம் இல்ல தம்பி. பூவிகிட்ட போகணும். நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பானையைத் தூக்காமயே திரும்பிப் பாக்காம வந்தேன்.

என்ன கேட்ட?

புளியங்காட்டுக்கு எந்தப் பானை போச்சுன்னா?

அங்க பானை போகலை. அது காட்டுக்குள்ள இருக்கிற நாலு வீடு. அங்க எதுக்குப் பானை போகுது.

போகலைதான். அதுக்கென்ன இப்ப? நீ என்ன சொல்ல வர்ற? ஓடம் தள்றவன் ஓடத்தைத் தள்ளு, எனக்குப் பிடாரியைப் பத்திப் பாடம் சொல்லாதே. நாலு தலைமொறையா அவளுக்கு வெளக்கு வைக்கிற குடும்பம் நாங்க. அவ யாரு மேல வருவா, யாரை விடுவான்னு எனக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?

கொஞ்சம் சும்மா இரு. என்னை யோசிக்க விடு.

மணற்குடியில மொதல்ல விழுந்த வீடு சேந்தி வீடு. பானை போறதுக்கு மொத நாள் நான் அங்க போனேன். சரி. கல்லுக்கிட்ட இருக்கிற குடிசை எதுக்குள்ளயும் நான் போகலை. சரி. கெணத்தடிக்குப் போனேன். புளியங்காட்டுல அந்த நாலு வீட்டுல நான் போனது கொற்றன் வீடு மட்டும். எங்க வீட்டுல நீலிக்கு முந்தி எனக்குத்தான் வயிறு கலங்குச்சு.

உச்சியில தலையில ஏத்தினப்ப கனமா இருந்துச்சுன்னேன் இல்ல. எறக்கி வச்சுட்டு வர்றப்பவும் கழுத்து அப்படியேதான் வலிச்சுது. பழக்கத்துல வலிக்குதுன்னு நெனச்சேன். பானையைத்தான் தம்பி நான் எறக்கினேன். அவ எறங்கலை. அதுக்கு முந்தியே என் மேல ஏறியிருக்கா. அந்தப் பானையில அவ ஏறவே இல்ல. என்னைத் தொடலைன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என்னைத் தொட்டா யாரு அவளை வீடு வீடாத் தூக்கிக்கிட்டுப் போறது? நான்தான் பானை. கால் மொளைச்ச பானை. போற எடத்துல எல்லாம் வா அப்பா, வா மாமான்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க.

குட்டனுக்கு இந்த விரலாலதான் ஊட்டினேன்.

நீ தள்ளி நில்லு. இன்னும் தள்ளி நில்லு, அந்த மணல் திட்டு வரைக்கும் போயிடு. காத்து எந்தப் பக்கம் வீசுது? இவ்வளவு நேரம் ஒங்கிட்ட பேசிட்டேனே. நீ மொதல்லயே சொன்ன, ஏத்த மாட்டேன்னு. நான்தான் வாயடிச்சு நிறுத்தி வச்சேன். ஏத்தாதே. நான் கெஞ்சினாலும் ஏத்தாதே. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் கெஞ்சுவேன், எனக்கு என்னைத் தெரியும். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன், தூரத்துலேருந்து பாக்கறேன்னு சொல்லுவேன். நம்பாதே. தூரத்துலேருந்து பாக்கத் தெரிஞ்சவனா இருந்தா சேந்தி வீட்டுக்குள்ள போயிருக்க மாட்டேன்.

நாளைக்கு அந்தப் பானை வந்தா பயப்படாதே. அது வெறும் பானை, நான் செஞ்சது எனக்குத் தெரியாதா. ஒன் கழியால ஒரு தட்டுத் தட்டி உடைச்சு ஆத்தோட விட்டுடு. அதுல ஒண்ணும் இல்ல.

ஒரு ஒதவி மட்டும் பண்ணு. அக்கரைக்குப் போனதும் கரையில எறங்காம, ஓடத்துலேருந்தே யாரையாவது கூப்பிட்டு மாறன் பொண்டாட்டியை வரச் சொல்லு. படித்துறைக்கு மேலயே நிக்கச் சொல்லு. வயித்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் வருவா, சட்டுனு சொல்லாதே, மொதல்ல உக்காரச் சொல்லு. ஒங்க அம்மா போயிட்டாங்கன்னு சொல்லு. அக்கா போயிட்டான்னு சொல்லு. குட்டனைப் பத்திக் கேட்டா அதையும் சொல்லிடு, மறைக்க வேணாம்.

நான் இங்க இருக்கேன்னு சொல்லாதே. சொன்னேன்னு வையி, அடுத்த ஓடத்துக்குக் காத்திருக்க மாட்டா, முழங்கால் தண்ணியில எறங்கி வர ஆரம்பிச்சுடுவா. எங்கப்பா ஒண்டியா இருக்குன்னு சொல்லிக்கிட்டே வருவா. நான் இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வராதேன்னு கத்துவேன்னு நெனைக்கிறியா? ரெண்டு கையையும் நீட்டுவேன் தம்பி.

அதுனால அப்பா எங்கன்னு அவ கேக்கறப்ப, அவரும் போயிட்டாருன்னு சொல்லு. அம்மா போன அன்னிக்கே போயிட்டாரு, எரிச்சாச்சு, காரியமும் முடிஞ்சுது, யாரும் வர வேணாம்னு ஊரார் சொல்லி அனுப்பினாங்கன்னு சொல்லு. கஷ்டப்பட்டாரான்னு கேப்பா. இல்ல, தூக்கத்துல போயிட்டாருன்னு சொல்லிடு. வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லு. யாரு வந்தாலும், எந்த ஒறவுன்னு சொல்லிக்கிட்டு வந்தாலும், கதவைத் தெறக்கக் கூடாதுன்னு அவ அப்பன் சாகறதுக்கு முந்தி சொன்னாருன்னு சொல்லு. எம்பேச்சை இதுவரைக்கும் கேட்டதில்ல. செத்தவன் பேச்சுன்னா கேப்பா.

நான் எங்க போறதா? எங்கயும் போகலை. அந்த நாணல் பொதர்கிட்ட உக்காந்திருப்பேன், அங்க உக்காந்தா நான் இருக்கிறது அக்கரையில யாருக்கும் தெரியாது. பொழுது சாயற நேரத்துக்குக் காத்து அந்தப் பக்கத்துலேருந்து வீசும் இல்ல? பூவிக்குச் சின்ன வயசுலேருந்தே பெரிய கொரலு. அவ அழ ஆரம்பிச்சா மூணு வயக்காட்டுக்குக் கேக்கும், ஆறு எம்மாத்திரம். அப்பா அப்பான்னு அவ எனக்காக அழற சத்தம் காதுல விழுந்துச்சுன்னா, எம்புள்ள உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்.

போ தம்பி. போயிச் சீக்கிரம் சொல்லு.